துண்டை எடுக்கும் முன்

கோவை வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

மார்கழி, தை மாதங்களில் பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் எல்லோரும் ஒரு விளையாட்டு விளையாடியிருப்போம். பாவாடையையோ கால்சட்டையையோ சற்று விலக்கிக்கொண்டு, ஆடுசதையில் நகத்தால் பெயர் எழுதுவது. கரும்பலகையில் சுண்ணாம்புக்கட்டியால் எழுதியதுபோல் வெள்ளையாக விழும். எச்சில் தொட்டுத் தேய்த்தால் அழிந்துவிடும். ஈரம் காய்ந்ததும் மறுபடி எழுதலாம்.

இந்த உரையைக் கேட்டுக்கொண்டே உங்கள் முழங்காலுக்குக் கீழே நகத்தால் மெதுவாக ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். வெள்ளைக் கோடு விழுந்தால், வறண்ட தோலைப் பற்றிய இன்றைய பேச்சு உங்களுக்குத்தான். காய்ந்த தோலில் செதில்கள் தூக்கிக்கொண்டு நிற்கின்றன, அவற்றுக்கு இடையில் காற்று புகுந்திருக்கிறது, அதனால்தான் அந்த வெண்மை. ஈரம் பட்டதும் செதில் படிகிறது, வெண்மை மறைகிறது. காய்ந்ததும் திரும்ப வருகிறது. ஆக, ஈரத்தைக் கொடுப்பது சுலபம். கொடுத்த ஈரத்தைப் போகவிடாமல் வைப்பதுதான் வேலை.

தோலின் மேல்தட்டைச் செங்கல் சுவராக நினைத்துக்கொள்ளுங்கள். உயிரணுக்கள் செங்கற்கள், இடையில் இருக்கும் கொழுப்பு சாந்து. அந்தச் சாந்தில் ஏறக்குறையப் பாதி செராமைடு என்ற கொழுப்பு. கடையில் விற்கும் பாட்டில்களில் இந்தப் பெயரைப் படித்திருப்பீர்கள். சாந்து உதிர்ந்த சுவர் மழைக்கு ஒழுகுவதுபோல, சாந்து குறைந்த தோலிலிருந்து உள்ளே இருக்கும் நீர் வெளியே போய்க்கொண்டே இருக்கும். நிறையத் தண்ணீர் குடித்தால் தோல் வறட்சி போய்விடும் என்கிறார்கள். தண்ணீர் குடியுங்கள், உடம்புக்கு நல்லது. ஆனால் ஓட்டைக் குடத்தில் எவ்வளவு ஊற்றினாலும் ஓட்டையை யாராவது அடைக்க வேண்டும் அல்லவா?

அந்தச் சாந்தைக் கரைப்பது யார்? முதல் ஆள் சோப்பு. இதை நான் எங்கே பேசப் போனாலும் சொல்கிறேன், இங்கேயும் சொல்கிறேன். நம் தோல் இயல்பாகவே லேசான புளிப்புத்தன்மை உடையது. புளிப்பையும் காரத்தையும் அளக்கும் பி.எச். அளவில் ஏறத்தாழ ஐந்து. சாதாரண சோப்பு ஒன்பது, பத்து என்று காரத்தில் நிற்கும். ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் அழுக்கோடு சாந்தையும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போகும். கழுவி முடித்ததும் கன்னம் விறைத்து, சிரித்தால் தோல் இழுக்கிறதே, அதைப் பலர் ‘சுத்தமாகிவிட்டது’ என்று நினைக்கிறார்கள். அது சுத்தத்தின் அடையாளம் அல்ல. தோல் வலிக்கிறது என்று சொல்கிற மொழி அது.

தண்ணீருக்கும் இதில் பங்கு உண்டு. சிறுவாணித் தண்ணீரில் குளிப்பவர்களுக்கு ஒரு தேய்ப்பிலேயே நுரை பொங்கும். போர் தண்ணீரில் குளிக்கும் வீடுகளில் சோப்புக் கட்டி கரைந்ததுதான் மிச்சம், நுரை வராது. நுரை வரவில்லையே என்று இன்னும் தேய்ப்போம். தண்ணீரிலுள்ள சுண்ணச் சத்தும் சோப்பும் சேர்ந்து பிசுக்காகித் தோலிலேயே தங்கிவிடும். பக்கெட்டின் உள்பக்கம் விரலால் தடவினால் வெள்ளையாக வழுக்குமே, அதே பிசுக்குதான். அதனால் வறண்ட தோல் உள்ளவர்கள் அக்குள், தொடை இடுக்கு, பாதம், இவற்றுக்குச் சோப்புப் போட்டால் போதும். கைகால்களுக்கு வெறும் தண்ணீரே போதுமானது. கொதிக்கக் கொதிக்க ஊற்ற வேண்டாம், வெதுவெதுப்பு போதும், பத்து நிமிடத்தில் முடித்துவிடுங்கள். முகத்துக்குச் சோப்பு வேண்டவே வேண்டாம். சோப்பில்லாத, நுரை குறைந்த, வாசனை சேர்க்காத முகக் கழுவி மருந்துக் கடைகளிலேயே கிடைக்கிறது. அதுவும் இரவில் ஒரு முறை. காலையில் தண்ணீர்.

இப்போது என்னிடம் சிகிச்சைக்கு வந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒப்பணக்கார வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்பவர், இருபத்திரண்டு வயது. நாள் முழுக்க ஏ.சி. காற்று. வாயைச் சுற்றிச் செதில் செதிலாக உரிந்து, கன்னம் சிவந்து என்னிடம் வந்தார். கையில் ஒரு கட்டைப்பை. மேசையில் கவிழ்த்தார். ஒன்பது பாட்டில்கள், டப்பாக்கள். டோனர், வைட்டமின் சி சீரம், வால்நட் ஓட்டுப்பொடி போட்ட ஸ்க்ரப், கரித்தூள் முகப்பூச்சு, இன்னும் என்னென்னவோ. மாதச் சம்பளத்தில் ஒரு பங்கு அந்தப் பைக்குள் இருந்தது. எல்லாவற்றையும் பையிலேயே திரும்பப் போடச் சொல்லி, முகக் கழுவி ஒன்று, ஈரத்தைக் காக்க கிளிசரினும் செராமைடும் உள்ள மாய்ஸ்சரைசர் ஒன்று, வெயிலுக்குச் சன்ஸ்கிரீன் ஒன்று, மூன்றே மூன்று எழுதிக்கொடுத்தேன். நான்கு வாரம் கழித்து வரச் சொன்னேன். தோலின் மேல்தட்டு முழுதாக மாற ஏறக்குறைய அத்தனை நாள் ஆகும். எந்த மாய்ஸ்சரைசரையும் நாலு நாளில் குறைசொல்லாதீர்கள்.

நான்கு வாரம் கழித்து வந்தார். சிவப்பு குறைந்திருந்தது. உரிவது நிற்கவில்லை. “நீங்கள் சொன்னதை ஒரு நாள் விடாமல் செய்தேன், டாக்டர்” என்றார். கண் கலங்கியிருந்தது. எனக்கும் புரியவில்லை. “எப்போதம்மா தடவுகிறாய்?” என்று கேட்டேன். பாட்டிலைக் கைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினார். காலையில் ஆறரைக்குக் குளியல், பிறகு தம்பிக்குச் சாப்பாடு கட்டி, பஸ் பிடித்து, கடைக்கு வந்து, சேலையை மாற்றிக்கொண்டு, ஒன்பதேகால் மணிக்குக் கடைக் கண்ணாடி முன்னால் தடவுகிறார்! குளித்தபோது தோல் குடித்த தண்ணீர் அத்தனையும் எப்போதோ பஸ் ஜன்னல் காற்றில் போய்விட்டது. காய்ந்த தோலின்மேல் காவல் போட்டிருக்கிறார். என்ன தடவ வேண்டும் என்று எழுதிய நான், எப்போது என்று எழுதவில்லை. அது என் தவறு.

அன்று மருந்துச் சீட்டில் ஒரே வரி எழுதினேன்: ‘பாட்டில் குளியலறை ஜன்னலில் இருக்க வேண்டும்.’ குளித்து முடித்ததும், துண்டை எடுக்கும் முன், உடம்பில் முத்து முத்தாக நீர் நிற்கும்போதே தடவ வேண்டும். அல்லது துண்டால் ஒற்றி எடுத்துவிட்டு, தோல் ஈரமாக இருக்கும்போதே. இரண்டு மூன்று நிமிடத்துக்குள். முகம் கழுவினாலும் அப்படியே. அடுத்த மாதம் அவர் வந்தபோது வாயோரம் வழவழவென்று இருந்தது. அதே மாய்ஸ்சரைசர்தான். இடம் மட்டும்தான் மாறியிருந்தது.

திரும்பவும் சொல்கிறேன், அடுப்படியில் இருப்பவர்களுக்குக் கேட்டிருக்காது. துண்டை எடுக்கும் முன்.

எவ்வளவு தடவுவது? ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் ஏறத்தாழ அரை கிராம். விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அளவு பரப்புக்கு அது போதும். முகத்துக்கும் கழுத்துக்கும் அப்படி இரண்டு, இரண்டரை அளவு வேண்டும். பொட்டு வைப்பதுபோல் வைத்தால் பயனில்லை.

தேங்காய் எண்ணெய் போதாதா என்று கேட்பீர்கள். கைகால்களுக்குத் தாராளமாகப் போதும். ஈரத்தின்மேல் தடவினால் நீரை நன்றாகவே காக்கும். முகத்தில் மட்டும் சிலருக்குத் துளைகளை அடைத்துப் பரு வரும், அவர்கள் விட்டுவிடலாம். விலை உயர்ந்ததுதான் வேண்டும் என்பதில்லை. பித்தவெடிப்புக்கும் உதட்டுக்கும் பெட்ரோலியம் ஜெல்லியை மிஞ்சிய காவலாளி இன்றுவரை இல்லை. அமெரிக்காவில் எண்ணெய்க் கிணற்றுத் துளைக் கம்பிகளில் படிந்த மெழுகைத் தொழிலாளர்கள் காயத்தில் தடவுவதைப் பார்த்து, செஸ்பரோ என்ற வேதியியலாளர் அதைச் சுத்திகரித்து 1872-இல் காப்புரிமை பெற்றார். வெட்டுக்காயம் கண்ட கைகள் கண்டுபிடித்த பொருள் அது. ஆனால் அதுவும் தானாக ஈரம் தராது, இருக்கிற ஈரத்தைத்தான் பூட்டும். இரவில் பாதத்தைக் கழுவி, ஈரத்தோடு தடவி, பருத்திக் காலுறை போட்டுப் படுங்கள்.

எலுமிச்சைச் சாற்றை முகத்தில் தேய்க்காதீர்கள். கடலைமாவு தினமும் வேண்டாம், இருக்கிற எண்ணெயையும் அது உறிஞ்சிக்கொள்ளும்.

நேரம் நெருங்கிவிட்டது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள். சன்ஸ்கிரீன் பற்றித் தனியாகப் பேச நினைத்திருந்தேன். சுருக்கமாக: வெயில் தடுப்பு அளவான எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாதது, காலையில் மாய்ஸ்சரைசர் படிந்த பிறகு, இரண்டு விரல் நீளத்துக்கு. புதிதாக எதை வாங்கினாலும் முதலில் முழங்கையின் உள்பக்கம் சில நாள் தடவிப் பார்த்துவிட்டு முகத்துக்குப் போங்கள், ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ‘நிறம் கூட்டும்’ களிம்பில் ஸ்டீராய்டு இருக்கலாம், தோலை மெலியவைத்துவிடும். 2018-இலேயே அப்படிப்பட்ட ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டோடுதான் விற்க வேண்டும் என்று அரசு அறிவித்துவிட்டது.

இத்தனையும் செய்தும் இரவில் தூங்கவிடாமல் அரித்தால், வெடித்து நீர் வடிந்தால், அல்லது வயதானவர்களுக்குத் திடீரென்று உடம்பெங்கும் வறட்சியும் அரிப்பும் வந்தால், தோல் மருத்துவரிடம் போங்கள். சர்க்கரை, தைராய்டு, சிறுநீரகம் இவற்றையும் அவர் பார்க்கச் சொல்வார், தயங்காமல் பாருங்கள்.

வணக்கம்.