ஆடிப்பட்டத்துக்கு எந்த ரகம் போடலாம்? மாடித் தோட்டத்திலிருந்து பேசுகிறேன்

வணக்கம் மக்களே. ஆடி பிறந்து நாலு நாள் ஆகிறது, திருச்சியில் காற்று பிய்த்துக்கொண்டு போகிறது, நடுவில் இரைச்சல் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். எந்தக் காய் போடலாம் என்று நிறைய பேர் கேட்டீர்கள். காயைவிட எந்த ரகம் என்பதுதான் முக்கியம், அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

இதோ இந்த விதையைக் கிட்டே காட்டுகிறேன். கருப்பு விதை, ஒரு ஓரத்தில் மட்டும் புருவம் வைத்த மாதிரி வெள்ளைக் கோடு. கொடி அவரை. இரண்டு வருடத்துக்கு முன்னால் தை மாதம் இதைப் போட்டேன், ஏனென்றால் விதை வாங்கின கடையில் வருடம் முழுக்கப் போடலாம் என்று சொன்னார்கள். நன்றாக முளைத்தது, பந்தல் ஏறியது, இலை கையகலம் வந்தது, ஆனால் ஒரு பூ கிடையாது. உரம் போதவில்லை என்று நினைத்து மண்புழு உரம், பஞ்சகவ்யா எல்லாம் கொடுத்துப் பார்த்தேன், இலைதான் இன்னும் அடர்ந்தது. ஆனி மாதம் மனசு கேட்காமல் பிடுங்கிப் போட்டேன். அதே விதையில் இரண்டை என் அத்தையிடம் கொடுத்திருந்தேன், அவர் பிடுங்கவில்லை. ஐப்பசியில் பந்தல் முழுக்கப் பூ, தை வரைக்கும் காய் பறித்தார்.

செடியில் எந்தக் குறையும் இல்லை. நாட்டுக் கொடி அவரைக்குப் பகல் சுருங்கி இரவு நீண்டால்தான் பூக்க வரும், அதனால்தான் ஆடியில் போட்டுக் கார்த்திகை, மார்கழியில் பறித்தார்கள். சிறகு அவரையும் இப்படித்தான். மற்ற மாதங்களில் அவரை வேண்டும் என்றால் குத்து அவரை போடுங்கள், அதற்குப் பகல் நீளம் ஒரு பொருட்டே இல்லை, பந்தலும் வேண்டாம். பாக்கெட்டில் வெறுமனே 'அவரை' என்று போட்டிருந்தால் குத்தா கொடியா என்று கேட்காமல் வாங்காதீர்கள்.

அடுத்து கத்தரி. என் ஓட்டு வேலூர் இலவம்பாடி முள்ளு கத்தரிக்குத்தான். 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்த ரகம். தண்டிலும் காம்பிலும் முள் இருக்கும், பறிக்கும்போது குத்தும், சின்னக் குழந்தைகள் ஓடி விளையாடுகிற மாடி என்றால் வேண்டாம். ஆனால் எண்ணெய்க் கத்தரிக்காய் ஒரு தடவை செய்து பாருங்கள், அப்புறம் வேறு கத்தரி பிடிக்காது. மூன்று செடி இருந்தால் ஒரு வீட்டுக்குத் தாராளம்.

வெண்டையில் அந்தக் கணக்கு உதவாது. நாலு செடி வைத்துவிட்டு, ஒரு நாளைக்கு மூன்று காய் கிடைத்தால் அதை வைத்து என்ன பொரியல் செய்வது? பத்துச் செடியாவது வையுங்கள். வெள்ளை ஈ வந்து இலை நரம்பெல்லாம் மஞ்சளாகிற நோய்தான் இதில் பெரிய தொல்லை. அந்த நோயைத் தாங்குவதற்கென்றே பெங்களூரில் இருக்கிற இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்டது ஆர்கா அனாமிகா. ஹைபிரிட் இல்லை, நாமே விதை எடுத்துக்கொள்ளலாம். எஃப்1, அதாவது ஹைபிரிட், என்று எழுதியிருக்கிற பாக்கெட்டில் மட்டும் விதை எடுக்க ஆசைப்படாதீர்கள், காய் நிறைய காய்க்கும், ஆனால் அதன் விதையைப் போட்டால் ஒவ்வொரு செடியும் ஒரு மாதிரி வரும்.

தக்காளிக்கு பிகேஎம் 1, பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி ரகம். காம்புப் பக்கம் கொஞ்சம் பச்சையாக இருக்கும், புளிப்பு ரசத்துக்கு நன்றாகப் பிடிக்கும். இப்போதே நாற்று விட்டுவிடுங்கள். சித்திரை வெயிலில் போட்டுவிட்டுப் பூ கொட்டுகிறதே என்று வருத்தப்படாதீர்கள், இரவும் சூடாக இருந்தால் தக்காளி காய் பிடிக்காது.

பீர்க்கங்காய் வைத்திருப்பவர்கள் சாயங்காலம் மாடிக்கு வாருங்கள், அதன் பூ அப்போதுதான் விரியும். தேனீ வராத மாடியில் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் நாமே தொட்டுவிட வேண்டியிருக்கும். அதை நேரில் செய்து காட்டுகிறேன், என் கொடி பூக்க இன்னும் ஒரு மாதமாவது ஆகும்.

சரி, இந்த அவரை விதையை நேற்று ராத்திரியே ஊறப்போட்டிருக்க வேண்டும், விட்டுப்போயிற்று. இன்றைக்குப் போட்டு நாளைக்குக் காலையில் விதைக்கிறேன். ஒரு பைக்கு இரண்டு விதை, வெள்ளைக் கோடு பக்கவாட்டில் இருக்கிற மாதிரி, விரல்நுனி ஆழம் போதும்.