இறங்கினார்களா, இறக்கினார்களா?

(ஒரு கல்லூரித் தமிழ் மன்றத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, தாயுள்ளத்தோடு இந்தக் கல்லூரியை நடத்திவரும் முதல்வர் அம்மா அவர்களே, எனக்கு நன்னூல் சொல்லித் தந்து இன்று பக்கத்திலேயே அமர்த்திக்கொண்ட என் பேராசிரியப் பெருந்தகை அவர்களே, வேலைகளுக்கு நடுவே வந்திருக்கும் நகர்மன்ற உறுப்பினர் அவர்களே, பொன்னாடை போர்த்திய மன்றச் செயலாளர் தம்பி அவர்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம். விடிகாலையில் பேருந்து நிலையத்துக்கு வந்து என்னை அழைத்துவந்த பிள்ளைகள் இருவருக்கும் தனியாக நன்றி.

எனக்குத் தந்த தலைப்பு, செயல்நோக்கு இலக்கணத்தைக் கொண்டு பனுவல்களை ஆராய்ந்து படிப்பது. இதை வளர்த்தவர் ஹாலிடே. 1925-ல் இங்கிலாந்தில் பிறந்து, சிட்னி பல்கலைக்கழகத்தில் மொழியியல் துறையை நிறுவியவர். ஒரு வாக்கியம் ஒரே நேரத்தில் மூன்று வேலை பார்க்கிறது என்றார். நடந்ததைக் காட்டுகிறது, பேசுபவருக்கும் கேட்பவருக்கும் இடையில் உறவை அமைக்கிறது, செய்தியை முன்பின்னாகக் கோக்கிறது. இன்று முதலாவதை மட்டும் பார்ப்போம், நடந்ததைக் காட்டுவது. அதாவது யார், யாரை, என்ன செய்தார் என்பது.

இதை எனக்கு முதலில் கற்றுத் தந்தது என் அப்பத்தா. நான் நாலாவது படிக்கும்போது ஒரு சித்திரை மாதம். அடுப்படிப் பரணில் இருந்த ஆவக்காய் ஊறுகாய் ஜாடி கீழே விழுந்து நொறுங்கிக் கிடந்தது. பெரியப்பா பிள்ளைகள் இரண்டு பேரும் நானும் வரிசையாக நிற்கிறோம். தரையெல்லாம் எண்ணெய். மிளகாய்ப்பொடி நெடியில் எல்லாருக்கும் தும்மல்.

"அப்பத்தா, ஜாடி உடைஞ்சு போச்சு."

"தானா உடைஞ்சுச்சா, யாரும் உடைச்சீகளா?"

"பூனை தட்டி விட்டுருச்சு அப்பத்தா."

அப்பத்தா எதுவும் பேசவில்லை. பூனையைத் தூக்கி, நான்கு பாதத்தையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தது. எண்ணெய் இல்லை. பூனையை இறக்கிவிட்டு எங்கள் கைகளை நீட்டச் சொன்னது. மோந்து பார்க்கும் முன்பே பெரியவன் அழுதுவிட்டான். அப்பத்தா அடிக்கவில்லை. "எய்தவன் இருக்க அம்பை நோவானேன்" என்று சொல்லிவிட்டு, ஆளுக்கொரு விளக்குமாறு கொடுத்தது.

பள்ளிக்கூடம் போகாத கிழவி அன்றைக்கு நடத்தியது இலக்கணப் பாடம். உடைந்தது, உடைத்தது: ஒரு 'ந்'தான் 'த்' ஆகிறது. மெல்லினம் வல்லினமானால் தன்வினை பிறவினையாகிறது. செய்தவர் வாக்கியத்துக்குள் வந்து நின்றுவிடுகிறார்.

இப்போது நாளிதழை எடுங்கள். "கழிவுநீர்த் தொட்டியில் விஷவாயு தாக்கி இருவர் பலி." இப்படி எத்தனை தலைப்புகளைக் கடந்து வந்திருக்கிறோம்! தாக்கியது யார்? விஷவாயு. இருவர் என்ன ஆனார்கள்? பலி. இறந்தார்கள், சாகவிட்டார்கள் என்ற வினை எதுவும் இல்லை, ஒரு பெயர்ச்சொல்லோடு முடிந்துவிடுகிறது. செய்திக்குள்ளே போனால், "தொட்டியைச் சுத்தம் செய்யும் பணியில் ஈடுபட்டிருந்தபோது" என்று இருக்கும். ஈடுபடுவது விருப்பத்தோடு செய்வது அல்லவா? கோலம் போடுவதில் ஈடுபடலாம், பாட்டில் ஈடுபடலாம். அடுத்த வரியில் "தொட்டிக்குள் இறங்கினர்". எய்தவன் இருக்க அம்பை நோவானேன்! இறங்கினார்களா, இறக்கினார்களா? இங்கேயும் ஒரே எழுத்துதான். 'ங்' 'க்' ஆக வேண்டும்.

இதே போன்ற ஆய்வு வெளிநாட்டில் நடந்திருக்கிறது. 1975-ல் அன்றைய ரொடீசியாவின், அதாவது இன்றைய ஜிம்பாப்வேயின், சாலிஸ்பரி நகரில் காவல்துறை சுட்டுக் கறுப்பின மக்கள் இறந்தார்கள். லண்டன் நாளிதழ்கள் அதை எப்படித் தலைப்பிட்டன என்று டோனி ட்ரூ என்ற ஆய்வாளர் வினை வினையாகப் பிரித்துக் காட்டினார். ஒரு நாளிதழ் 'கலவரம் செய்த கறுப்பர்கள்' என்று தொடங்கிய பிறகே சுட்டவர்களைச் சொன்னது.

நம்மிடம் இதற்குக் கருவி எப்போதோ இருக்கிறது. வினை, செய்வது, செயப்படுபொருள், நிலம், காலம், கருவி, இன்னதற்கு, இதுபயன் என்று தொழிலுக்கு எட்டு உறுப்பு வைத்தவர் தொல்காப்பியர். "செயப்படு பொருளைச் செய்தது போலத் தொழிற்படக் கிளத்தலும் வழக்கியல் மரபே" என்றும் அவரே சொன்னார். உரைகாரர்கள் காட்டும் உதாரணம் "திண்ணை மெழுகிற்று". மெழுகிய பெண் அந்த வாக்கியத்தில் இல்லை. நம் விஷவாயுத் தலைப்பில் எட்டையும் தேடுங்கள். நிலம் இருக்கிறது, தொட்டி. செய்வது என்ற இடத்தில் விஷவாயு நிற்கிறது, ஆளை இறக்கியவர் இல்லை. யாருக்காக, என்ன லாபத்துக்காக என்ற கடைசி இரண்டும் காலி.

பாதுகாப்புக் கருவி தராமல் ஆளை இப்படி இறக்குவதை, கையால் மலம் அள்ளவைப்பதைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சட்டம் தேடுவது இறக்கியவரை. செய்தி காட்டுவது இறங்கியவரை. அதனால்தான் ஊர் ஊராகப் போய் இதையே பேசிக்கொண்டிருக்கிறேன்.

விசாரணை முடியும் முன் பெயர் போட முடியாது என்பார்கள் பத்திரிகை நண்பர்கள். நியாயம். பெயர் வேண்டாம், "இறக்கப்பட்டனர்" என்று எழுதுங்கள். செயப்பாட்டு வினையில் செய்தவர் பெயர் இல்லாவிட்டாலும், செய்தவர் ஒருவர் உண்டு என்பது தெரியும். "இறங்கினர்" என்றால் அந்தத் தடமும் போய்விடும். எய்தவன் இருக்க அம்பை நோவானேன், சொல்லுங்கள்!

தலைவர் மணியைப் பார்க்கிறார். முதல்வர் அம்மாவிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் நூலகத்தில் நாளிதழ் படிக்கும் மேசையில் ஒரு நோட்டு வையுங்கள். இத்தகைய செய்தி வரும் நாளில் பிள்ளைகள் அதை ஒட்டி, பக்கத்தில் எட்டுக் கட்டம் போட்டு நிரப்பட்டும். காலியாக நிற்கும் கட்டத்தைச் சிவப்பில் வட்டமிட்டு, மாதம் ஒரு முறை அந்தந்த நாளிதழ் ஆசிரியருக்குக் கடிதமாக அனுப்பட்டும். நோட்டு வாங்கியே வந்திருக்கிறேன். தம்பி, அந்தப் பையை எடு.