இருமல் எத்தனை மணிக்கு வருகிறது?

நேயர்களுக்கு வணக்கம்.

பகலில் என் கணவரைப் பார்த்தால் நோயாளி என்று யாரும் சொல்லமாட்டார்கள். நள்ளிரவு தாண்டியதும் வறட்டு இருமல் பிடித்துக்கொள்ளும். நெஞ்சுக்குள் விசில் மாதிரி சத்தம். படுக்க முடியாது, தலையணையை மடியில் வைத்துக் குனிந்தபடியே விடியும்வரை உட்கார்ந்திருப்பார். காலையில் மருத்துவரிடம் போனால் எல்லாம் அடங்கியிருக்கும்.

ஒருவர் ஆஸ்துமா என்றார். எக்ஸ்ரேயில் பொடிப்பொடியாக நிழல் தெரிந்ததால் இன்னொருவர் டி.பி.யாக இருக்குமோ என்றார். சளியில் கிருமி இல்லை. உடம்பு இளைத்துக்கொண்டே வந்தது. அப்புறம் பார்த்த மருத்துவர், "இருமல் எத்தனை மணிக்கு வருது? எந்த ஊர்?" என்று கேட்டார். இருமுகிறவருக்கு மணி தெரியவில்லை, நான்தான் சொன்னேன். ஊர் கும்பகோணம் பக்கம் என்றதும் ரத்தத்தில் ஈசினோபில் என்ற ஒருவகை வெள்ளணுவின் எண்ணிக்கை பார்க்கச் சொன்னார். மைக்ரோலிட்டருக்கு 500-க்குள் இருக்க வேண்டியது 3000-ஐத் தாண்டியிருந்தது.

நோயின் பெயர் 'டிராபிக்கல் பல்மனரி ஈசினோபிலியா'. யானைக்கால் நோயைத் தருகிற அதே புழுதான் காரணம். அந்த நோய் இருந்த பகுதி என்பதால்தான் ஊரைக் கேட்டிருக்கிறார். கியூலெக்ஸ் கொசு கடித்து உள்ளே வரும் புழு, நிணநீர்க் குழாய்களில் வளர்ந்து குஞ்சு பொரிக்கும். பெரும்பாலானவர்களுக்கு அந்தக் குஞ்சுகள் இரவில் ரத்தத்தில் சுற்றும். சிலருடைய உடம்பு மட்டும் அவற்றை நுரையீரலில் மடக்கி, மூர்க்கமாக எதிர்க்கிறது. அதனால் இவர்களுக்கு இரவில் ரத்தம் எடுத்துப் பார்த்தாலும் புழு தென்படாது. கால் வீக்கமும் இருக்காது. யாருக்குத்தான் யானைக்கால் நோய் ஞாபகம் வரும்?

டி.பி. என்ற குழப்பமும் புதிதில்லை. ஆந்திராவில் மதனப்பள்ளி அருகே ஆரோக்கியவரம் காசநோய் மருத்துவமனையில் ஃபிரிமோட்-மோலர், பார்ட்டன் என்ற மருத்துவர்கள், டி.பி. போலவே தோன்றி டி.பி. அல்லாத இந்த நோயை 1940-லேயே எழுதிவைத்தார்கள்.

மருந்து, டைஎத்தில்கார்பமசைன் மாத்திரை, வழக்கமாக மூன்று வாரம். அவருக்குச் சில நாட்களிலேயே தூக்கம் வந்தது. சிலருக்குத் திரும்ப வருவதுண்டு. வைத்தியமே பார்க்காமல் விட்டால் நுரையீரல் தழும்பேறிவிடும்.

இரவு இருமல் எல்லாமே இதுதான் என்று நினைத்துவிடாதீர்கள். ஆஸ்துமா, வயிற்று அமிலம் மேலேறுவது, இதயக் கோளாறு எல்லாவற்றிலும் இரவில் இருமல் வரும். மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடவேண்டாம். மருத்துவரிடம் போகும்போது பக்கத்தில் படுப்பவரையும் கூட்டிப்போங்கள். இருமல் வரும் நேரத்தைக் குறித்துவைத்துக் காட்டுங்கள். "ஈசினோபில் பார்க்கலாமா டாக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள்.

நன்றி, வணக்கம்.