அக்காட வீட்டுக்கு வாடகையா?

நேயர்களுக்கு வணக்கம்.

திருகோணமலை நகரில் ஒரு வங்கியின் கவுண்டருக்குப் பின்னால் 31 வருடம் இருந்து ஓய்வு பெற்றவள் நான். காசு விஷயம் பேசத் தெரிந்தவள் என்று நம்பி என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஆனால் இன்றைக்கு நான் சொல்லப்போவது, சொந்த வீட்டில் காசு விஷயத்தைப் பேசத் தெரியாமல் மாட்டிக்கொண்ட கதை.

உயர்தரப் பரீட்சை எழுதி முடித்த பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்காரருக்கு இது புரியும். பரீட்சை முடிய வேண்டும், பெறுபேறு வர வேண்டும், பிறகு பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளி, பிறகு எந்தப் புள்ளி வரை எடுப்பார்கள் என்ற வெட்டுப்புள்ளி. பல்கலைக்கழகக் கதவு திறக்க எப்படியும் ஒரு வருடத்துக்கு மேல் போய்விடும். அதுவும் எல்லோருக்கும் திறப்பதில்லை. அந்த இடைவெளியில் சில பிள்ளைகள் கணினி வகுப்புக்குப் போவார்கள். சிலர் ஃபேனுக்குக் கீழே ஃபோனோடு படுத்திருப்பார்கள். என் மகன் மே மாதம் சுற்றுலாச் சீசன் தொடங்கியபோது உப்புவெளிக் கடற்கரைப் பக்கம் ஒரு விருந்தினர் விடுதியில் வேலைக்குச் சேர்ந்தான். வயது 19. நாங்கள் இருக்கும் உவர்மலையில் இருந்து சைக்கிளில்தான் போய் வருவான்.

முதல் மாதம் டிப்ஸோடு சேர்த்து 34,000 ரூபாய் வந்தது. அப்பாவுக்கு ஒரு சாரம், எனக்கு ஒரு கைப்பை, தனக்கு ஒரு சோடி சப்பாத்து. எனக்கு வாயெல்லாம் பல். இரண்டாவது மாதம் நண்பர்களோடு நுவரெலியா. மூன்றாவது மாதம் தவணைக்கு ஒரு ஃபோன். நான்காவது மாதம் கரண்ட் பில் வந்த அன்று இரவு, தேங்காய் துருவிக்கொண்டே சொன்னேன்: "தம்பி, இனி நீயும் மாசம் ஒரு பத்தாயிரம் வாடகை மாதிரித் தரவேணும்."

அவன் சாப்பிட்ட கையை எடுக்காமல் என்னைப் பார்த்தான். "அம்மா, இது அக்காட வீடுதானே? அக்காட வீட்டுக்கு நான் ஏன் வாடகை கட்டோணும்?"

வெளியூர் நேயர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் கிழக்கு மாகாணத்தில் பெரும்பாலும் வீடு பெண் பிள்ளைக்குத்தான். நான் இருக்கும் வீடு என் அம்மா எனக்குச் சீதனமாக எழுதித் தந்தது. அது மகளுக்குப் போகும். மகன் நடக்கப் பழகிய நாளிலிருந்து கேட்டு வளர்ந்தது "அக்காட வீடு, அக்காட வீடு" என்ற பேச்சைத்தான். அவன் கேட்டதில் பிழை ஒன்றும் இல்லை. என் கணவர் வேறு பக்கத்தில் இருந்து, "நானும் 26 வருசமா உன்ட வீட்டில வாடகை கட்டாமத்தான் இருக்கிறன்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்புக்காக அவரோடு இரண்டு நாள் பேசவில்லை.

ஆனால் அந்த இரண்டு நாளும் யோசித்தேன். வாடகை என்றால் என்ன? அறையைப் பூட்டிச் சாவியைத் தன் சட்டைப்பையில் போடும் உரிமை. இரவு பதினொரு மணிக்கு வந்தால் ஏன் என்று கேட்கக் கூடாது என்கிற உரிமை. கூரை ஒழுகினால் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுச் சொல்லும் உரிமை. நம் நாட்டில் 1972இல் வந்த வாடகைச் சட்டத்தின் கீழ், குடியிருப்பவரை எழுப்ப முடியாமல் நீதிமன்றப் படி ஏறி இறங்கிய வீட்டுக்காரர் கொஞ்சப் பேரா? பெற்ற பிள்ளையை வாடகைக்காரன் ஆக்கினால் நான் வீட்டுக்காரி ஆகிவிடுவேன். எனக்கு அந்த வேலை வேண்டாம்.

லண்டனில் இருக்கும் என் தங்கை இதை இவ்வளவு நீட்டவில்லை. அவளுடைய மகன் படிப்பை நிறுத்திவிட்டு ஒரு கடையில் சேர்ந்த மாதமே 200 பவுண் கேட்டுவிட்டாள். கல் மனசு என்று முதலில் நினைத்தேன். கணக்கைச் சொன்ன பிறகுதான் விளங்கியது. அங்கே பிள்ளைக்காக அரசாங்கம் கொடுக்கும் காசு, 16 வயதுக்குப் பிறகும் அங்கீகரித்த படிப்பிலோ பயிற்சியிலோ பிள்ளை இருந்தால்தான் 20 வயது வரை வரும். விட்டால் நின்றுவிடும். தங்கை கணவரை இழந்தவள். வீட்டில் ஒரே ஒரு பெரியவர் என்பதால் கவுன்சில் டாக்ஸில் கால் பங்கு கழிவு இருந்தது. 18 தாண்டிய மகன் மாணவனாகவும் இல்லை என்றதும் அதுவும் போய்விட்டது. ஆக, பிள்ளை உழைக்கத் தொடங்கிய உடனே தாயின் கையில் இருந்து காசு குறைந்ததாகக் கடிதம் வருகிறது. அந்தக் கடிதத்தை மேசையில் வைத்தே அவளால் பேச முடிந்தது.

இங்கே நமக்கு அப்படிக் கடிதம் ஒன்றும் வராது. பிள்ளை நேற்றும் சாப்பிட்டான், இன்றும் சாப்பிடுகிறான். அதனால் ஒன்று, நாம் வாயே திறப்பதில்லை. அல்லது மொத்தமாகப் பிடுங்கிவிடுகிறோம்.

பிடுங்குவது என்று சொன்னது கோபத்தில் இல்லை, கண்ணால் கண்டதால். ஒவ்வொரு மாதமும் சம்பள நாளில் ஒரு தகப்பன் கவுண்டருக்கு வருவார். கையில் மகளின் ஏ.டி.எம். கார்ட். அதைச் சுற்றி ஒரு பஸ் டிக்கட், டிக்கட்டின் பின்புறத்தில் பேனையால் எழுதிய இரகசிய எண். "மிசின் காசு தரமாட்டேங்குது" என்பார். ஐயா, கார்ட்காரர் வரவேணும் என்று சொன்னால், "என்ட பிள்ளைதானே, உங்களுக்கு என்ன?" என்பார். அந்தப் பிள்ளை ஒரு நாள் தானே வந்தாள். ஆடைத் தொழிற்சாலையில் வேலை. தன் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று என்னிடம்தான் கேட்டாள். 412 ரூபாய் என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். இரண்டு வருடம் வேலை செய்த பிள்ளை. இன்றைக்கும் அந்தத் தலையாட்டல் என் கண்ணை விட்டுப் போகவில்லை. மகன்மாரின் கார்டைச் சுற்றிக் கொண்டுவந்த தகப்பன்மாரை நான் கண்டது குறைவு என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சரி, என் வீட்டுக்கு வருவோம். எனக்கு வழி காட்டியது, கரையில் நின்று பலர் சேர்ந்து இழுக்கும் கரைவலைதான். வலை இழுத்து முடிந்து மீனை விற்றதும் முதலில் செலவைக் கழிப்பார்கள். மிச்சத்தில் வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டிக்கு இவ்வளவு, இழுத்தவர்களுக்கு இவ்வளவு என்று பங்கு பிரியும். எல்லாம் மணலில் வைத்து, எல்லோர் கண்ணுக்கும் முன்னால். செலவு என்று சம்மாட்டி சொல்லும் தொகை கூடினால் நேற்றுச் சேர்ந்த பொடியனும் கேட்பான். நிறைய மீன் பட்டால் நிறையப் பங்கு. மீன் இல்லாத நாளில் யாருக்கும் பங்கு இல்லை, யாருக்கும் கடனும் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு சீ.ஆர். கொப்பியை, அந்தப் பெரிய கணக்குக் கொப்பியை, எடுத்து அந்த மாதச் செலவை எழுதி அவன் முன்னால் வைத்தேன். அரிசி, மீன், மரக்கறி, பால்மா, காஸ், தண்ணீர், கரண்ட், அப்பம்மாவின் மருந்து. கூட்டினால் 87,000 ரூபாய். அவன் அசையாமல் பார்த்தான். 2022இல் காஸ் வரிசையில் சிலிண்டரோடு விடிய விடிய நின்ற பிள்ளை அவன். சாமான் கிடைக்காத கஷ்டம் அவனுக்குத் தெரியும். கிடைக்கும்போது என்ன விலை என்று தெரியாது. அதை நாங்கள் ஒரு நாளும் சொன்னதும் இல்லை.

கரண்ட் பில்லில்தான் அதிக நேரம் நின்றான். அலகு கூடக் கூட விலையும் படி ஏறும். 60 தாண்டினால் ஒரு விலை, 90 தாண்டினால் இன்னொரு விலை. பழைய பில்களை எடுத்து வைத்தோம். அவன் பரீட்சைக்குப் படித்த காலத்தில் 88 அலகு. வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகு 117. பகலெல்லாம் வீட்டில் இல்லாதவன் எப்படிக் கூட்டினான்? இரவு முழுக்க ஃபேன், அதோடு அவன் வேலைக்குப் போன பிறகும் யாரும் நிறுத்தாமல் ஓடும் அதே ஃபேன். அன்றிரவில் இருந்து ஃபேனை நிறுத்தும் சத்தம் காலையில் கேட்கிறது. நான் பத்து வருடமாகக் கத்திக் கேட்காத சத்தம்.

எவ்வளவு தருவாய் என்று அவனிடமே விட்டோம். ஐந்தில் ஒன்று என்றான். 34,000 வந்தால் 6,800. நான் கேட்ட பத்தாயிரத்தை விடக் குறைவுதான். ஒத்துக்கொண்டேன். தொகையாகப் பேசாமல் விகிதமாகப் பேசியது எவ்வளவு நல்லது என்று வாடைக் காற்றோடு மழை தொடங்கியபோது தெரிந்தது. செப்டெம்பர் போனால் இங்கே கடற்கரையில் வெள்ளைக்காரர் குறைந்துவிடுவார்கள். நவம்பரில் விடுதி ஆட்களைக் குறைத்தது. அவனுக்கு வேலை இல்லை. ஐந்தில் ஒன்று பூச்சியம். மாதம் பத்தாயிரம் என்று கட்டி வைத்திருந்தால், வேலை போன பிள்ளை வீட்டுக்குக் கடன்காரனாகவும் ஆகியிருப்பான். அந்த மூன்று மாதமும் அப்பம்மாவைக் கிளினிக்குக் கூட்டிப்போனது அவன்தான். அதையும் கொப்பியில் எழுதச் சொன்னான். எழுதினேன்.

இன்னொன்று. பிள்ளையிடம் பங்கு கேட்கும் முன், பிள்ளைக்கு வர வேண்டியது முழுதாக வருகிறதா என்று பாருங்கள். நான் பார்க்கவில்லை. வங்கியில் இருந்தவள், அதையே பார்க்கவில்லை. சம்பளச் சீட்டு என்று ஒன்றே அவனுக்குக் கொடுத்திருக்கவில்லை. ஓய்வுகாலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் சம்பளத்தில் 8 வீதம், முதலாளி தன் கையால் 12 வீதம். அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதி என்ற இன்னொரு சேமிப்புக்கு முதலாளி 3 வீதம். சட்டம் இதுதான். குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2026 ஜனவரியில் இருந்து 30,000 ரூபாய். டிப்ஸைச் சம்பளமாகக் காட்டி ஏமாற்றும் இடங்கள் உண்டு. இந்த வருடச் சீசனுக்கு வேறு விடுதியில் சேரும்போது அவன் முதலில் கேட்டது சேமலாப நிதி அட்டையை.

வேலை இல்லாமல், தேடியும் கிடைக்காமல் இருக்கும் பிள்ளையிடம் காசு கேட்பது வேறு கதை. அது என் பேச்சுக்குள் வராது. 1999ஆம் ஆண்டுப் பராமரிப்புச் சட்டமே, தன்னைத் தான் பார்த்துக்கொள்ள முடியாத பிள்ளையை 25 வயது வரை தாய் தகப்பன் பார்க்கச் சொல்கிறது.

ஒரு சிநேகிதி சொன்னாள்: "நான் மகனிடம் வாங்கி, அவனுக்குத் தெரியாமல் சீட்டுக் கட்டுகிறேன். கலியாணத்துக்குத் திருப்பிக் கொடுக்கப்போகிறேன்." கேட்க நன்றாக இருக்கிறது. லண்டனிலும் இப்படிச் செய்யும் தாய்மார் உண்டாம். எனக்குப் பிடிக்கவில்லை. தான் கொடுத்த காசில் வீட்டில் அரிசி வெந்தது என்று அந்தப் பையன் இத்தனை வருடம் நினைத்திருப்பான். வெந்தது அவன் அரிசி இல்லை என்று கலியாண மேடையில் வைத்துச் சொல்வதா? சீட்டுக் கட்டுவதென்றால் அவனுக்குத் தெரியவே கட்டலாமே.

பங்குக்காரனை வீட்டில் வைத்திருப்பது லேசு என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். போன மாதக் கொப்பியில் இரண்டு இடத்தில் சிவப்புப் பேனையால் கேள்விக்குறி போட்டிருந்தான். ஒன்று, அக்காவின் ரீலோட் வீட்டுக் கணக்கில் ஏன் வந்தது என்று. மற்றது, கோணேசர் கோயில் அர்ச்சனைக்கும் ஓட்டோவுக்கும் நான் எழுதிய 1,500. "கோயிலுக்கு பஸ்ஸில போயிருக்கலாமே அம்மா" என்று பக்கத்தில் குறிப்பு. மகள் தன் ரீலோட்டை இந்த மாதத்தில் இருந்து தானே போடுகிறாள். ஓட்டோவுக்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை.

வணக்கம்.