தரங்கம்பாடிச் சிறையும் ஒரு குவளைத் தண்ணீரும்

வணக்கம் மக்களே. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், காற்று இரைச்சல் இருக்கும். தரங்கம்பாடியில் காற்றில்லாத நேரம் என்று ஒன்று கிடையாது. மைக்குக்குப் பஞ்சு உறை மாட்டியிருக்கிறேன். அதையும் மீறிக் கடல் பேசினால் நிறுத்திவிட்டுத் திரும்பச் சொல்கிறேன்.

இன்றைக்கு இறால் கடை, மீன் வறுவல் எதுவும் கிடையாது. இந்த வீடியோவுக்குக் காரணம் பொறையாரில் இருக்கும் என் பெரியம்மா. நாங்கள் லுத்தரன் சபை. அவர் வீட்டில் ராத்திரி ஏழரை மணிக்குக் குடும்ப ஜெபம், அது முடிந்தால்தான் சோறு. போன மாதம் நான் போயிருந்தபோது மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனில் வந்ததைப் படித்தார். ஆப்கானிஸ்தானில் 22 மிஷனரிகளை நாளைக்குக் கொல்லப் போகிறார்களாம், எல்லோரும் உடனே ஜெபிக்க வேண்டுமாம், இருபது பேருக்கு அனுப்ப வேண்டுமாம். பெரியம்மா முழங்கால் போட்டு அழுதார். முழங்கால் வலிக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் அவர்.

மக்களே, அந்தச் செய்தி 2009-லிருந்து சுற்றிக்கொண்டிருக்கிறது. தமிழில் வரும், இந்தியில் வரும், ஆங்கிலத்தில் வரும். அதிலுள்ள "நாளை" இத்தனை வருஷமாக விடியவே இல்லை. சாப்பிடும்போது இதைப் பெரியம்மாவிடம் சொன்னேன். சொல்லாமலே இருந்திருக்கலாம் என்று அடுத்த நிமிஷமே தோன்றிவிட்டது. கையில் சோற்றோடு அப்படியே உட்கார்ந்துவிட்டு, "அப்போ நான் அழுதது பொய்யாடா?" என்றார்.

அதற்குப் பதில் தேடித்தான் ஒரு மாதமாகப் படித்தேன். படித்ததை இந்தக் கோட்டை வாசலில் உட்கார்ந்து சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். ஏன் இந்த இடம் என்பது போகப் போகப் புரியும்.

முதலில் அந்த ஆப்கானிஸ்தான் விஷயம். செய்தி பொய். ஆனால் அதற்குக் கொஞ்சம் முன்னால் நிஜமாகவே ஒன்று நடந்திருக்கிறது. 2007 ஜூலையில் தென்கொரியாவின் ஒரு சபையிலிருந்து போன 23 பேரைத் தாலிபான்கள் பஸ்ஸோடு பிடித்துக்கொண்டு போனார்கள். அதில் இரண்டு பேரைக் கொன்றார்கள், ஒருவர் அந்தக் குழுவின் போதகர். மற்ற 21 பேரும் ஆறு வாரத்துக்குள் விடுதலையானார்கள். அப்போது கொரியாவுக்குள்ளேயே பெரிய சண்டை நடந்தது. அரசு எச்சரித்தும் போர் நடக்கிற நாட்டுக்கு ஏன் போனீர்கள் என்று சபையைப் பார்த்துச் சொந்த நாட்டுக்காரர்களே கேட்டார்கள். நியாயமான கேள்விதான் அது. ஃபார்வர்டு செய்தியில் அந்தக் கேள்விக்கு இடமே இல்லை. அழ வைக்க ஓர் எண், அனுப்ப வைக்க ஒரு "நாளை", அவ்வளவுதான்.

இதே ரகத்தில் இன்னொரு படம் உங்களுக்கும் வந்திருக்கும். வரிசையாகக் கருகிய உடல்கள். நைஜீரியாவில் கிறிஸ்தவர்களை உயிரோடு எரித்தார்கள் என்று எழுதியிருக்கும். அது 2010-ல் காங்கோவில் சாங்கே என்ற ஊரில் எண்ணெய் லாரி கவிழ்ந்து தீப்பிடித்தபோது எடுத்தது. எண்ணெய் பிடிக்க ஓடிவந்தவர்களும் பக்கத்தில் இருந்தவர்களுமான ஏழை ஜனங்கள் அவர்கள். இறந்த பிறகு அவர்களுடைய சாவையும் நாம் பிடுங்கி வேறு கதைக்கு மாட்டிவிட்டோம்.

அப்புறம் "ஐந்து நிமிஷத்துக்கு ஒரு கிறிஸ்தவர் கொல்லப்படுகிறார்" என்ற வாசகம். கன்வென்ஷன் மேடைகளில் நானே கேட்டிருக்கிறேன். வருஷத்துக்கு ஒரு லட்சம் பேர் என்ற கணக்கிலிருந்து வந்தது அது. அந்த ஒரு லட்சத்தில் பெரும்பங்கு காங்கோ உள்நாட்டுப் போரில் இறந்தவர்கள். பெரும்பாலும் கிறிஸ்தவர்களே இரண்டு பக்கமும் நின்று அடித்துக்கொண்ட போர் அது. உபத்திரவத்தைக் கண்காணிப்பதையே வேலையாக வைத்திருக்கும் ஓப்பன் டோர்ஸ் அமைப்பு 2025 பட்டியலில் கொடுத்த எண் 4,476. விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்டவர்கள் அவ்வளவு பேர், அதில் 3,100 பேர் நைஜீரியாவில். கடுமையான நெருக்கடியிலும் பாகுபாட்டிலும் வாழ்கிறவர்கள் 38 கோடி என்று அதே பட்டியல் சொல்கிறது. நாலாயிரத்துச் சொச்சம் உயிர் போதாதா? அதை லட்சமாக்கினால்தான் நமக்கு அழுகை வருமா?

சரி, எழுந்து நடக்கிறேன், வாருங்கள். கேமரா ஆடும்.

இதுதான் டேன்ஸ்பர்க் கோட்டை. 1620-ல் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரிடம் ஒப்பந்தம் போட்டு டென்மார்க்காரர்கள் கட்டியது. மிளகு வாங்க வந்தவர்கள். மேலே கவர்னர் இருந்த பகுதி இப்போது மியூசியம். கீழே கிடங்குகள், சிறை அறை. குனிந்துதான் உள்ளே வர வேண்டும். பாருங்கள், பத்து நிமிஷம் நின்றாலே சட்டை முதுகோடு ஒட்டுகிறது.

பர்த்தலோமேயு சீகன்பால்குவைப் பற்றி உங்களுக்குத் தெரியும். 1706 ஜூலை 9-ல் கூட்டாளி புளூட்சோவுடன் இந்தக் கரையில் இறங்கினார். டென்மார்க் ராஜா அனுப்பிய ஜெர்மன் மிஷனரி. சின்னப் பிள்ளைகளோடு மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றது, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சடித்தது, அச்செழுத்துக்கு ஈயம் போதாமல் சீஸ் டப்பா மூடியை உருக்கினார்கள் என்ற கதை, எல்லாம் எங்கள் ஓய்வுநாள் பள்ளியில் சொல்லிக் கொடுத்தார்கள். பொறையார் பக்கத்தில் கடுதாசிப்பட்டறை என்ற ஊர்ப் பெயர் இன்றும் இருக்கிறது, அவர்கள் காகிதம் செய்த இடம். ஆனால் அவர் ஜெயிலில் கிடந்த கதையை ஒரே வரியில் தாண்டிப் போவார்கள். "எதிர்ப்புகளைச் சந்தித்தார்" என்று. யாருடைய எதிர்ப்பு?

1708 நவம்பரில் அவரைக் கைது செய்து இந்தக் கோட்டையில் நாலு மாதத்துக்கு மேல் அடைத்து வைத்தவர் தஞ்சாவூர் ராஜா கிடையாது. ஊர்க்காரர்களும் கிடையாது. டேனிஷ் கம்பெனியின் கமாண்டர் ஹாசியுஸ். ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவர், அதுவும் சீகன்பால்கு மாதிரியே லுத்தரன். அந்தக் கம்பெனி கொடியும் கிறிஸ்தவ ராஜாவின் கொடிதான்.

காரணம் என்ன தெரியுமா? கடன் தகராறு. முடிதிருத்தும் தொழில் செய்த ஒரு தமிழர் இறந்துபோகிறார். அவருக்கும் கம்பெனியில் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்த ஒரு கத்தோலிக்கருக்கும் இடையே இருந்த கடன், அவருடைய விதவையின் தலையில் வந்து விழுகிறது. அந்த அம்மாவுக்காக சீகன்பால்கு திரும்பத் திரும்பப் பரிந்து பேசினார். டேனிஷ்காரர்கள் ஆராதனை செய்கிற கோயிலுக்குப் போய் கமாண்டர் முன்னால் முழங்கால் போட்டுக் கேளுங்கள் என்று யோசனை சொன்னதும் அவர்தான். ஹாசியுஸுக்கு அது பொறுக்கவில்லை. வரச் சொல்லி ஆள் அனுப்பினார். எழுத்தில் உத்தரவு கொடுங்கள் என்றார் இவர். கைது. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லவில்லை என்று சிறை. அப்போது சீகன்பால்குவுக்கு வயது 26.

எனக்கு இந்தக் கதையில் மனசு மாட்டிக்கொள்கிற இடம் அந்த விதவை. நம் தெருவில் சவரத்தொழிலாளி வீட்டுக்கு அந்தக் காலத்தில் என்ன மரியாதை இருந்திருக்கும் என்று நமக்குத் தெரியும். வெள்ளைக்காரர்கள் உட்கார்ந்திருக்கிற கோயிலில், அத்தனை பேர் பார்க்க, அந்த அம்மா முழங்கால் போடுவதை நினைத்துப் பாருங்கள். சிலை சீகன்பால்குவுக்கு இருக்கிறது. வைக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை.

இந்தத் தெருவில் எதிரே தெரிகிறது பாருங்கள், அதுதான் 1701-ல் டேனிஷ்காரர்கள் தங்களுக்குக் கட்டிய சீயோன் ஆலயம். இந்தப் பக்கம் இருப்பது 1718-ல் தமிழர்களுக்காக சீகன்பால்கு கட்டிய புதிய எருசலேம் ஆலயம். அடுத்த வருஷமே, 36 வயதில் இறந்துபோய் இதற்குள்ளேதான் அடக்கமாகியிருக்கிறார்.

உள்ளே படம் பிடிக்கவில்லை, ஒருவர் ஜெபம் பண்ணிக்கொண்டிருக்கிறார். வெளியிலிருந்தே ஒன்று சொல்கிறேன், எங்கள் ஆட்களுக்கே கசக்கும். அந்தக் காலத்தில் இந்தச் சபையில் சாதிவாரியாகத் தனித்தனியே உட்கார்ந்தார்கள். ராஜநாயக்கன் என்று ஒருவர், தஞ்சாவூர் ராஜாவின் படையில் சிப்பாய். அச்சடித்த சுவிசேஷத்தைப் படித்துவிட்டுத் தானே தேடி வந்து உபதேசியார் ஆனவர். தஞ்சாவூர்ப் பக்கம் ஊர் ஊராய்ப் போய் ஊழியம் செய்தார், அடியும் மிரட்டலும் வாங்கினார். அவருக்குக் குருப்பட்டம் கொடுக்கலாமா என்று பேச்சு வந்தபோது மிஷனரிகள் பின்வாங்கினார்கள். பறையர் குலத்தில் பிறந்தவர் கையால் மற்றவர்கள் திருவிருந்து வாங்க மாட்டார்களே என்று பயம். இதை நாம் உபத்திரவம் என்ற கணக்கில் எழுதுவதே இல்லை. அப்புறம் 1950-ல் வந்த ஜனாதிபதி உத்தரவு. அதனால் இன்றைக்கும் தலித் கிறிஸ்தவர் பட்டியல் சாதிக் கணக்கில் வர முடியாது. கல்லறைத் தோட்டத்தில் சுவர் வைப்பதற்கு மட்டும் சாதி ஞாபகம் இருக்கும்.

இந்த இடத்தில் ஆசியா பீபியைச் சொல்ல வேண்டும். பாகிஸ்தானின் பஞ்சாபில் ஒரு கிராமத்தில் கூலி வேலை செய்த கிறிஸ்தவப் பெண். 2009 ஜூன் மாத வெயிலில் ஃபால்சா என்கிற பழம் பறிக்கப் போயிருக்கிறார். தண்ணீர் எடுத்து வரச் சொல்கிறார்கள். கிணற்றடியில் இருந்த குவளையில் அவரும் குடித்துவிடுகிறார். நீ தொட்ட குவளை தீட்டு, நாங்கள் குடிக்க மாட்டோம் என்று கூட வேலை செய்த பெண்கள் சொல்ல, வாய்ச் சண்டை. சில நாளில் அது மதநிந்தனை வழக்காகிறது. 2010-ல் தூக்குத் தண்டனை. 2018 அக்டோபர் 31-ல் உச்ச நீதிமன்றம் விடுதலை செய்கிறவரை சிறை.

டீக்கடையில் இரட்டைக் குவளை பார்த்து வளர்ந்த டெல்டாக்காரனுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. முதலில் வந்தது குவளை, மதம் அப்புறம் வந்தது. இங்கே முதலில் வந்தது கடன். தகராறு கூலியிலோ, தண்ணீரிலோ, நிலத்திலோ ஆரம்பிக்கும். பலவீனமான ஆளை விழ வைக்க எது கைக்கு எட்டுகிறதோ அதை எடுப்பார்கள். ஆசியா பீபிக்காகப் பேசியதற்காக 2011 ஜனவரியில் சுட்டுக் கொல்லப்பட்ட சல்மான் தசீர் ஒரு முஸ்லிம், பஞ்சாப் கவர்னர். சுட்டவன் அவருடைய சொந்தக் காவலாள். இரண்டு மாதம் கழித்து அமைச்சர் ஷாபாஸ் பட்டியையும் கொன்றார்கள், அவர் கிறிஸ்தவர். கடைசி வரை வழக்கை நடத்திய வக்கீலும் முஸ்லிம்தான். இந்தப் பகுதியை வெட்டிவிட்டு ஃபார்வர்டு அனுப்புகிறவர்களை எனக்குப் பிடிக்காது.

2015 பிப்ரவரியில் லிபியா கடற்கரையில் ஆரஞ்சு உடை போட்டு 21 பேரைக் கழுத்தறுத்த வீடியோ. நான் பார்க்கவில்லை, நீங்களும் பார்க்காதீர்கள். 20 பேர் எகிப்தின் காப்டிக் கிறிஸ்தவர்கள், ஒருவர் மத்தேயு, கானா நாட்டுக்காரர். யாரும் ஊழியத்துக்குப் போனவர்கள் இல்லை, கட்டட வேலைக்குப் போனவர்கள். துபாய்க்கும் மஸ்கட்டுக்கும் கொத்தனார் வேலைக்குப் போகாத தெரு நம் பக்கம் இருக்கிறதா? வட்டிக்கு வாங்கி ஏஜெண்டுக்குக் கட்டி, மாசாமாசம் வீட்டுக்குப் பணம் அனுப்புகிற அதே ஆட்கள்தான் அவர்கள்.

இன்னும் பக்கத்தில் வரலாம். இந்தக் கடலைத் தாண்டினால் மட்டக்களப்பு. அங்கேயும் ஒரு சீயோன் தேவாலயம், அங்கேயும் தமிழ்தான். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. ஓய்வுநாள் பள்ளி முடிந்து பிள்ளைகள் வெளியே நின்ற நேரத்தில் ஒருவன் தற்கொலைக் குண்டை வெடித்தான். செத்தவர்களில் பாதிக்குக் கிட்டப் பிள்ளைகள். அன்றைக்குக் காலையில் பொறையாரில் நாங்களும் அதே உயிர்ப்புப் பாட்டுகளைத்தான் பாடிக்கொண்டிருந்தோம். மத்தியானம் பிரியாணி சாப்பிடும்போது டிவியில் பார்த்தோம். பெரியம்மா அன்றைக்கு அழவில்லை. இலையை மூடிவிட்டு எழுந்து போனார்.

மிஷனரி என்றாலே மதமாற்றம்தானே, அதற்கு எதிர்ப்பு வரத்தானே செய்யும் என்று என் நண்பன் ஒருவன் கேட்டான், அவன் வேதக்காரன் இல்லை. 2018-ல் ஜான் ஆலன் சாவ் என்ற அமெரிக்கர் அந்தமானில், வெளியுலகத் தொடர்பில்லாத பழங்குடிகள் வாழ்கிற வட சென்டினல் தீவுக்குச் சட்டத்தை மீறிப் போய் அம்பு பட்டுச் செத்தார். அவரை இரத்தசாட்சி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு ஜலதோஷம் போதும், அந்தத் தீவு மொத்தமும் அழிந்துபோக. இதை அவனிடம் ஒப்புக்கொண்டேன். 1999-ல் ஒடிசாவில் கிரகாம் ஸ்டெயின்ஸையும் ஆறு வயதும் பத்து வயதுமான இரண்டு பையன்களையும் ஜீப்போடு எரித்ததைச் சொன்னேன். தொழுநோயாளிகளுக்கு மருந்து போட்ட மனுஷன். நண்பன் அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை.

வெளிச்சம் போகிறது. பெரியம்மாவுக்கு ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன்: ஆசியா பீபி, இப்போது கனடாவில், உயிரோடு. மத்தேயு, கானா. மட்டக்களப்புப் பிள்ளைகள். ராஜநாயக்கன். கடைசியில் "முடிதிருத்துகிறவர் மனைவி, தரங்கம்பாடி" என்று எழுதியிருக்கிறேன். அந்த 22 பேரைக் கேட்டால், கொரியாவில் 21 பேர் வீடு திரும்பிவிட்டார்கள் பெரியம்மா என்று சொல்ல வேண்டும்.

மணி ஏழு. பொறையாருக்குப் பத்து நிமிஷம்தான், ஆனால் வண்டியில் ஹெட்லைட் மங்கல். ஏழரைக்குள் போகாவிட்டால் சோறு கிடையாது. வருகிறேன் மக்களே.