அக்கா மகனுக்குப் பொருந்தாத மஜ்ஜை

எல்லோருக்கும் வணக்கம். கோத்தகிரியில் காலையிலிருந்தே பனிமூட்டம், பின்னால் இருக்கும் தேயிலைக்காடே தெரியவில்லை பாருங்கள். ராத்திரி முழுக்க நான் தூங்கவில்லை. அக்கா மகனுக்குக் கால் வலி. சிக்கிள் செல் என்ற பரம்பரை ரத்த நோய் இருக்கும் பிள்ளைகளுக்கு இந்தக் குளிர் ஆகவே ஆகாது.

நாங்கள் இருளர். இந்தியாவில் இந்த நோயை முதலில் கண்டு எழுதியதே நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான், 1952இல். லேமன், கட்புஷ் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள். சிவப்பணு சாதாரணமாக 120 நாள் வாழும். சிக்கிள் செல் என்றால் 20 நாள் தாங்குவதே பெரிது. அரிவாள் மாதிரி வளைந்து சின்ன ரத்தக் குழாய்களில் அடைத்துக்கொள்ளும். வலி அதனால்தான்.

எலும்பு மஜ்ஜையை மாற்றினால் குணமாகும் என்றார்கள். அவன் தங்கச்சிக்குப் பரிசோதனை செய்தோம், பொருந்தவில்லை. கூடப் பிறந்தவர்களுக்கே நாலில் ஒரு பங்குதான் வாய்ப்பாம். அன்றிலிருந்து நான் தேடித் தேடிப் படிப்பதெல்லாம் ரத்த ஸ்டெம் செல்லை ஆய்வகத்தில் வளர்ப்பது பற்றித்தான்.

நம் ரத்த அணுக்கள் எல்லாமே மஜ்ஜைக்குள் இருக்கும் கொஞ்சம் ஸ்டெம் செல்லிலிருந்து வருபவை. அதை எடுத்து வெளியே வளர்த்தால் பெருகத்தான் செய்யும். ஆனால் பெருகும்போதே சிவப்பணு, வெள்ளையணு என்று மாறித் தீர்ந்துபோகும். விதைக்கு வைத்த ராகியைக் களி கிண்டிவிட்ட மாதிரி. மஜ்ஜையில் சுற்றியிருக்கும் செல்கள் “நீ இப்படியே இரு” என்று பிடித்துவைக்கின்றன. கண்ணாடித் தட்டில் அதற்கு யார் இருக்கிறார்கள்?

2023இல் ஜப்பான் விஞ்ஞானிகள், வழக்கமாக ஊற்றும் புரதங்களுக்குப் பதிலாகச் சில ரசாயனங்களையும் ஒரு பாலிமரையும் சேர்த்து, மனித ஸ்டெம் செல்லை அதன் குணம் போகாமல் பெருக்கிக் காட்டினார்கள். அடுத்த வருஷம் ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் மர்டோக் குழந்தைகள் ஆராய்ச்சி நிறுவனத்தார், சாதாரண உடல் செல்லைக் கருநிலைக்குத் திருப்பி, அதிலிருந்தே ரத்த ஸ்டெம் செல்லை உருவாக்கினார்கள். எலிகளுக்கு ஏற்றியபோது அவை மஜ்ஜையில் குடியேறி மனித ரத்த அணுக்களை உண்டாக்கின. எலியில்தான், மருந்தாக அல்ல. அதைச் சொல்லாமல் “ஸ்டெம் செல் ஊசி” என்று பணம் கேட்பவர்களிடம் தயவுசெய்து ஏமாறாதீர்கள்.

நோயாளியின் ரத்த ஸ்டெம் செல்லையே எடுத்து, மரபணுவைத் திருத்தித் திரும்ப ஏற்றும் சிகிச்சைக்கு 2023 கடைசியில் பிரிட்டனும் அமெரிக்காவும் அனுமதி கொடுத்தன. தங்கச்சியின் மஜ்ஜை பொருந்தவே தேவையில்லை. ஆனால் போதுமான செல் கிடைக்கப் பலருக்குப் பல தடவை எடுக்க வேண்டியிருக்கிறது. கொஞ்சம் எடுத்து வெளியே வளர்க்க முடிந்தால், பிள்ளைக்கு எவ்வளவு வேதனை மிச்சம்!

இதோ, எழுந்துவிட்டான். தண்ணீரும், வலி அடிக்கடி வராமலிருக்கத் தரும் ஹைட்ராக்ஸியூரியா மாத்திரையும் கொடுக்க வேண்டும், வருகிறேன்.