நாஷ்வில்லுக்குப் போன ராக் குழு: ‘ஸ்வீட்ஹார்ட் ஆஃப் தி ரோடியோ’

[திரையில்: இரவு நேரம். ரைமன் அரங்கின் செங்கல் முகப்பு, உயரமான ஜன்னல்கள்.]

1968 மார்ச் மாதம். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் நாஷ்வில் நகரம். அங்கே ரைமன் என்றொரு அரங்கம். முதலில் வழிபாட்டுக்காகக் கட்டியது என்பதால் உட்காருவதற்கு தேவாலய பெஞ்சுகள்தான். 1925 இல் தொடங்கிய ‘கிராண்ட் ஓலே ஓப்ரி’ வானொலி நிகழ்ச்சி அப்போது இந்த மேடையிலிருந்துதான் ஒலிபரப்பானது. அமெரிக்கத் தெற்கின் கிராமியப் பாட்டு மரபில் வளர்ந்த கன்ட்ரி இசையைப் பாடும் ஒருவருக்கு இங்கே பாடக் கிடைத்துவிட்டால், ஊரே அவரை ஏற்றுக்கொண்ட மாதிரி.

அன்று அந்த மேடையில் ஏறியது லாஸ் ஏஞ்சலஸிலிருந்து வந்த ஒரு ராக் குழு. பெயர் தி பேர்ட்ஸ். முடியைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டுதான் வந்திருந்தார்கள். அது போதவில்லை. பறவைப் பெயர் கொண்ட குழு என்பதால் ‘ட்வீட், ட்வீட்’ என்று கூட்டத்திலிருந்து கீச்சுக்குரல் எழுந்தது. முடியை வெட்டச் சொல்லிக் கத்தினார்கள்.

முதல் பாட்டு கன்ட்ரி பாடகர் மெர்ல் ஹேகார்டுடையது. கூட்டம் சற்று அடங்கியது. அடுத்ததும் ஹேகார்ட் பாட்டுதான் என்று ஏற்பாடு. ஆனால் குழுவில் சேர்ந்து சில வாரங்களே ஆகியிருந்த 21 வயது இளைஞன் ஒருவன் மைக்கில் வேறு சொன்னான். தன் பாட்டிக்காக ஒரு பாட்டு பாடப்போவதாகச் சொல்லி, பாப் புக்கானனோடு சேர்ந்து தான் எழுதிய ‘ஹிக்கரி விண்ட்’ பாடலைத் தொடங்கிவிட்டான். மேடையில் அறிமுகம் செய்துவைத்த டாம்பால் கிளேசருக்குக் கடும் கோபம். நேரலை நிகழ்ச்சியில் சொன்னதை மாற்றுவது அங்கே பெரிய அவமரியாதை.

அந்த இளைஞன் கிராம் பார்சன்ஸ். அந்த வாரம் நாஷ்வில்லில் அவர்கள் பதிவுசெய்துகொண்டிருந்த ஆல்பம்தான் ‘ஸ்வீட்ஹார்ட் ஆஃப் தி ரோடியோ’. இன்று கன்ட்ரி ராக் என்று எதைச் சொல்கிறோமோ, அதன் வேரைத் தேடிப்போனால் இங்கே வந்து நிற்போம்.

[திரையில்: 1965 ஆம் ஆண்டு பேர்ட்ஸ் குழுவின் கறுப்பு வெள்ளைப் படம்.]

பேர்ட்ஸ் சாதாரணக் குழு இல்லை. 1965 இல் பாப் டிலனின் ‘மிஸ்டர் டாம்பரின் மேன்’ பாடலை மின்கிட்டாரில் வாசித்து அமெரிக்காவில் முதலிடம் பிடித்தவர்கள். ரோஜர் மெக்வின் கையிலிருந்த 12 தந்தி ரிக்கன்பேக்கர் கிட்டாரின் ஒலி, சிறு மணிகள் கொத்தாகக் குலுங்குவது போல இருக்கும். இரண்டு நொடி கேட்டால் போதும், இது பேர்ட்ஸ் என்று சொல்லிவிடலாம்.

1967 முடிவதற்குள் அந்தக் குழு சிதறிவிட்டது. டேவிட் கிராஸ்பியை அனுப்பிவிட்டார்கள். டிரம்மர் மைக்கேல் கிளார்க் விலகினார். மிச்சம் மெக்வினும் பாஸ் வாசித்த கிறிஸ் ஹில்மனும் மட்டும். ஹில்மனின் உறவினர் கெவின் கெல்லி டிரம்ஸுக்கு வந்தார். மெக்வின் மனதில் ஒரு பெரிய திட்டம் இருந்தது. அமெரிக்க இசையின் மொத்த வரலாற்றையும் ஓர் இரட்டை ஆல்பத்தில் சொல்ல வேண்டும். மலைநாட்டுப் பழம்பாடல்களில் தொடங்கி, மூக் சிந்தசைசரின் மின்னணு ஒலியில் முடிக்க வேண்டும். நடுவில் ஜாஸ் பகுதி வரும், அதற்கு ஒரு பியானோக்காரர் தேவை. ஹில்மன் பெவர்லி ஹில்ஸில் ஒரு வங்கியில் சந்தித்துப் பழகிய கிராம் பார்சன்ஸ் அந்த இடத்துக்கு வந்தார்.

வந்தவர் பியானோவில் நிற்கவில்லை. வந்த சில வாரங்களில் குழு முழுவதையும் கன்ட்ரி பக்கம் திருப்பிவிட்டார். மெக்வினின் வரலாற்றுத் திட்டம் அப்படியே கைவிடப்பட்டது.

பார்சன்ஸ் ஜார்ஜியா மாநிலத்தின் வேக்ராஸில் வளர்ந்தவர். தாய்வழிக் குடும்பத்துக்கு ஃபுளோரிடாவில் பெரிய ஆரஞ்சுத் தோட்டங்கள். பணத்துக்குக் குறையில்லை. ஆனால் அவருக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது தந்தை தற்கொலை செய்துகொண்டார். பள்ளிப் படிப்பை முடித்த நாளில் தாய் இறந்தார். ‘ஹிக்கரி விண்ட்’ கேட்கும்போது இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. சிறுவயதில் ஏறிய மரங்களை, விட்டுவந்த தெற்கத்திச் சீமையை, தூரத்து நகரத்தின் தனிமையை அந்தப் பாட்டு பேசுகிறது. பணம் இருந்தும் நிறைவு இல்லை என்று அவர் பாடும்போது அது வெறும் பாட்டு வரியாக எனக்குக் கேட்பதில்லை.

சரி, ராக்கும் கன்ட்ரியும் சேர்வதில் என்ன பெரிய விஷயம்? இன்று கேட்டால் ஒன்றுமில்லை. 1968 இல் நிலைமை வேறு. வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்தது. நீண்ட முடி வைத்தவன் போருக்கு எதிரானவன், கஞ்சா புகைப்பவன் என்பது ஒரு பக்கத்தின் எண்ணம். கன்ட்ரி கேட்பவன் பிற்போக்கானவன், கறுப்பின மக்களை வெறுப்பவன் என்பது மறுபக்கத்தின் எண்ணம். ஒரு பாட்டை விரும்புவதே நீ எந்தக் கட்சி என்று சொல்லிவிடும் காலம் அது.

இவர்கள்தான் முதல் ஆட்கள் என்று சொல்ல மாட்டேன். 1965 இலேயே பீட்டில்ஸ் ஒரு கன்ட்ரி பாட்டு பாடியிருந்தார்கள். பேர்ட்ஸ் குழுவே தங்கள் முந்தைய ஆல்பங்களில் ஒன்றிரண்டு போட்டிருந்தது. ஹில்மன் சிறுவயதிலிருந்தே மாண்டலின் வாசித்தவர், கன்ட்ரியின் ஒரு கிளையான புளூகிராஸில் வளர்ந்தவர். பார்சன்ஸ் தன் முந்தைய குழுவான இன்டர்நேஷனல் சப்மரீன் பேண்டுடன் ‘சேஃப் அட் ஹோம்’ என்று முழு ஆல்பமே செய்திருந்தார். ஆனால் உலகம் அறிந்த ஒரு ராக் குழு தன் அடையாளத்தையே இறக்கிவைத்துவிட்டு நாஷ்வில் இசைக்கலைஞர்களோடு உட்கார்ந்து பாடியதுதான் புதிது. மணி போல் ஒலித்த அந்த 12 தந்தி கிட்டார் இந்த ஆல்பத்தில் ஏறக்குறைய காணோம். ராக்கோடு கன்ட்ரியைக் கலந்தார்கள் என்று இதைப் பற்றி எழுதுவார்கள். எனக்கு அந்தச் சொல் பொருந்தவில்லை. கன்ட்ரியை அதன் வழியிலேயே, கேலி துளியும் இல்லாமல், மாணவர்களைப் போலப் பாடிப் பார்த்தார்கள்.

[திரையில்: பெடல் ஸ்டீல் கிட்டார். தந்திகள், இரும்புத் துண்டு, கால் மிதிகள் அண்மையில் தெரிகின்றன.]

இந்த ஆல்பத்தின் ஆன்மா இந்தக் கருவிதான். பெடல் ஸ்டீல் கிட்டார். பழைய இந்திப் பாடல்களை ஹவாயன் கிட்டாரில் வாசித்த இசைத்தட்டுகளைக் கேட்டிருந்தால், அந்த வழுக்கும் ஒலி உங்களுக்குத் தெரியும். இதுவும் அதே ஹவாய்க் குடும்பத்தில் வந்ததுதான். மேசை மாதிரி படுக்கவைத்து, வலக்கையால் மீட்டி, இடக்கையில் ஓர் இரும்புத் துண்டைத் தந்திகள் மேல் நகர்த்துவார்கள். அதோடு கீழே கால் மிதிகள், முழங்காலால் தள்ளும் நெம்புகோல்கள். ஒரு மிதியை அழுத்தினால் சில தந்திகள் மட்டும் இழுபட்டுச் சுருதி ஏறும், மற்றவை அசையாமல் நிற்கும். ஒரே நேரத்தில் ஒரு சுரம் நகர, பக்கத்துச் சுரம் காத்திருக்கும். கன்ட்ரி பாட்டில் ஒரு தேம்பல் கேட்குமே, அது அங்கேதான் பிறக்கிறது.

நாஷ்வில்லில் இதை வாசித்தவர் லாயிட் கிரீன். அந்த ஊர் ஸ்டூடியோக்களில் ஓர் ஒழுங்கு உண்டு: இந்த வரிக்குப் பின்னால் நீ வாசி, அடுத்த வரிக்கு ஃபிடில் (வயலின்) வாசிக்கட்டும் என்று பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். தான் எங்கே வாசிக்க வேண்டும் என்று கிரீன் கேட்டிருக்கிறார். எல்லா இடத்திலும் வாசியுங்கள் என்று பதில் வந்திருக்கிறது. முதல் பாட்டான ‘யூ எய்ன்ட் கோயின் நோவேர்’ போட்டுக் கேளுங்கள். குரல் வருவதற்கு முன்பே ஸ்டீல் வந்து வாசலைத் திறந்துவிடும். அப்புறம் அது ஓயவே இல்லை. அவிழ்த்துவிட்ட கன்று துள்ளுவது போல ஒரு வாசிப்பு.

இந்த ஒரு வாரம் தவிர, மிச்சப் பதிவு ஹாலிவுட்டில் நடந்தது. அங்கே ஸ்டீல் வாசித்தவர் ஜேடி மானஸ். நாஷ்வில் பதிவில் பாஞ்சோவும் ஃபிடிலும் ஜான் ஹார்ட்ஃபோர்ட். மின்கிட்டாரில் கிளாரன்ஸ் வைட். தயாரிப்பாளர் கேரி அஷர்.

மொத்தம் பதினோரு பாட்டு. தொடக்கமும் முடிவும் டிலன் எழுதியவை, அப்போது டிலனே வெளியிடாதவை. நடுவில் வூடி கத்ரி, மெர்ல் ஹேகார்ட், லூவின் பிரதர்ஸ் ஆகியோரின் பாட்டுகள். எல்லாவற்றையும் விளக்கப் போவதில்லை, ஒன்றில் மட்டும் கொஞ்சம் நிற்கிறேன். ‘யூ டோன்ட் மிஸ் யுவர் வாட்டர்’. கிணறு வற்றும் வரை தண்ணீரின் அருமை தெரியாது என்ற சொல்லை வைத்துக் கட்டிய காதல் பாட்டு. இது கன்ட்ரி பாட்டே இல்லை. மெம்பிஸ் நகரின் ஸ்டாக்ஸ் நிறுவனத்துக்காக வில்லியம் பெல் என்ற கறுப்பினப் பாடகர் 1961 இல் எழுதிப் பாடிய சோல் பாட்டு. அதை எடுத்து ஸ்டீல் கிட்டாரும் பியானோவும் வைத்துப் பாடினால், எப்போதும் கன்ட்ரியாகவே இருந்தது போல ஒலிக்கிறது! கடையில் இரண்டு அலமாரியில், வானொலியில் இரண்டு நிலையங்களில் பிரித்து வைத்திருந்த இரண்டு இசையும் தெற்கின் ஒரே மண்ணில், ஒரே தேவாலயப் பாட்டில் வளர்ந்தவை. ஆல்பத்தில் எனக்கு மிகப் பிடித்த நான்கு நிமிடம் இதுதான்.

பதிவு முடிந்த பிறகு சிக்கல் வந்தது. பார்சன்ஸின் பழைய குழுவை ஒப்பந்தம் செய்திருந்த லீ ஹேசில்வுட், அவர் குரலுக்குத் தனக்கு உரிமை உண்டு என்று வழக்கு மிரட்டல் விட்டார். சில பாட்டுகளில் பார்சன்ஸ் குரலை எடுத்துவிட்டு மெக்வின் பாடினார். சட்டச் சிக்கல்தான் காரணமா, பார்சன்ஸின் ஆல்பமாகவே ஆகிவிடக் கூடாது என்ற எண்ணமும் உண்டா என்பதில் அவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருந்தது. ‘தி கிறிஸ்டியன் லைஃப்’ பாட்டில் வித்தியாசம் நன்றாகத் தெரியும். மெக்வின் தெற்கத்தி உச்சரிப்பை வரவழைத்துப் பாடுகிறார், நாடகத்தில் வேடம் கட்டியது போல இருக்கிறது. பார்சன்ஸ் பாடியது பின்னாளில் மறுவெளியீடுகளில் வந்தது. அதில் வேடம் இல்லை. இந்தப் பாட்டைப் பொறுத்தவரை பார்சன்ஸின் குரலை நீக்கியது இழப்புதான். நல்லவேளை, ‘ஹிக்கரி விண்ட்’ அவர் குரலிலேயே நின்றது.

[திரையில்: ஆல்பத்தின் உறை. கவ்பாய் ஓவியங்கள் சூழ, நடுவில் பூமாலைக்குள் ஒரு பெண்.]

ஓவியர் ஜோ மோராவின் 1930களின் சுவரொட்டியிலிருந்து எடுத்த இந்த உறையோடு, 1968 ஆகஸ்ட் 30 அன்று கொலம்பியா நிறுவனம் ஆல்பத்தை வெளியிட்டது. அதற்குள் பார்சன்ஸ் குழுவிலேயே இல்லை. ஜூலையில் தென்னாப்பிரிக்கப் பயணத்துக்கு முந்தி, நிறவெறி நாட்டில் பாட மாட்டேன் என்று லண்டனிலேயே விலகிவிட்டார். ரோலிங் ஸ்டோன்ஸ் நண்பர்களோடு தங்க அது ஒரு சாக்கு என்று ஹில்மன் நினைத்தார். அவர் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை.

அமெரிக்காவின் பில்போர்டு தரவரிசைப் பட்டியலில் ஆல்பம் 77 ஆம் இடத்தைத் தாண்டவில்லை. ராக் ரசிகர்களுக்கு இது தங்கள் பேர்ட்ஸ் இல்லை. கன்ட்ரி வானொலிக்கு இவர்கள் ஹிப்பிகள். நாஷ்வில்லின் புகழ்பெற்ற வானொலி அறிவிப்பாளர் ரால்ஃப் எமரி, நேரில் வந்து உட்கார்ந்திருந்தவர்களிடமே அவர்கள் பாட்டைப் பிடிக்கவில்லை என்றார்.

ஆனால் கேட்க வேண்டியவர்கள் கேட்டார்கள். பார்சன்ஸும் ஹில்மனும் சேர்ந்து ஃப்ளையிங் பரிட்டோ பிரதர்ஸ் குழுவைத் தொடங்கி, 1969 இல் ‘தி கில்டட் பேலஸ் ஆஃப் சின்’ கொண்டுவந்தார்கள். 1970களில் ஈகிள்ஸ் குழு இதே வழியில் நடந்து லட்சக்கணக்கில் விற்றது. பார்சன்ஸ் கைபிடித்துக் கன்ட்ரிக்குள் அழைத்துவந்த எமிலூ ஹாரிஸ் அந்த உலகின் பெரிய பாடகி ஆனார். பார்சன்ஸ் இதையெல்லாம் பார்க்கவில்லை. 1973 செப்டம்பரில், 26 வயதில், போதையால் இறந்தார். அதே ஆண்டு ஜூலையில் கிளாரன்ஸ் வைட் மீது குடித்துவிட்டு ஓட்டிய ஒருவரின் கார் மோதியது. அவரும் போய்விட்டார்.

[திரையில்: மீண்டும் ரைமன். இப்போது வண்ணத்தில்.]

2018 இல், ஐம்பது ஆண்டுகள் கழித்து, மெக்வினும் ஹில்மனும் இந்த ஆல்பத்தின் பாட்டுகளோடு ஊர் ஊராகப் போனார்கள். உடன் வாசித்தவர் கன்ட்ரி கலைஞர் மார்ட்டி ஸ்டூவர்ட். அவர் தோளில் தொங்கியது கிளாரன்ஸ் வைட்டின் பழைய டெலிகாஸ்டர் கிட்டார். அந்தப் பயணத்தில் ரைமனும் இருந்தது. அதே மேடை, அதே மர பெஞ்சுகள். வந்தவர்கள் இந்தப் பாட்டுகளைக் கேட்பதற்கென்றே டிக்கெட் வாங்கியிருந்தார்கள்.